பதினாலுக்கு மேல் இரண்டு விரல்

ஜூலை 6, ஞாயிறு

மகள் ஜெர்லின் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. "எதையாவது எழுதும்மா, பிள்ளைங்க பின்னாடி படிப்பாங்க" என்று போனில் தொல்லை செய்கிறாள். சரி, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

காலையில் ஆராதனை. மதியம் அயிலைக் குழம்பு. சாயங்காலம் அடுத்த வீட்டு அல்போன்ஸ் சாரும் அவர் மனைவி புளோராவும் வந்தார்கள். சார் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். புளோரா சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவள். வீட்டுக்குள் பேசினாலும் தெருமுனை வரை கேட்கும். இருபது வருடமாக ஞாயிறு என்றால் எங்கள் நாலு பேருக்கும் இருபத்தெட்டுதான்.

பேரப்பிள்ளைகள் சீட்டைக் கையால் தொட்டதில்லை, அவர்களுக்காக எழுதுகிறேன். இருபத்தெட்டு என்பது நாலு பேர் இரண்டு ஜோடியாக ஆடுவது. எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு ஜோடி. எனக்கு எதிரே உங்கள் தாத்தா தாசையன். அல்போன்ஸ் சாருக்கு எதிரே புளோரா. முதல் நாலு சீட்டைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கேள்வி சொல்ல வேண்டும். 'எங்கள் ஜோடி இத்தனை புள்ளி எடுக்கும்' என்று வாய்விட்டுச் சொல்வதுதான் கேள்வி. பதினாலில் ஆரம்பித்து மேலே போகலாம். அதிகம் கேட்டவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். கேட்டதை எடுக்க முடியாமல் போனால் அந்த ஜோடி காதில் குணுக்கு மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் குணுக்கு என்பது துணி காயப்போடும் கிளிப்.

இன்று நாங்கள்தான் குணுக்கு மாட்டினோம். புளோரா வயிறு குலுங்கச் சிரித்தாள். தாத்தாவும் சேர்ந்து சிரித்தார்.

ஒன்றைக் கவனித்தேன். எழுதலாமா என்று தெரியவில்லை. அல்போன்ஸ் சார் "பதினாறு" என்றதும் புளோராவின் இடது கை மேசை விளிம்பில், என் வீட்டுக்காரர் இருந்த பக்கமாக, இரண்டு விரலை நீட்டி மடக்கியது.

ஜூலை 8, செவ்வாய்

தேங்காய் வெட்ட ஆள் வந்தான். இவரிடம் மூன்று விஷயம் சொன்னேன். மூன்றுக்கும் பதில் இல்லை. முற்றத்தில் நின்று புளோரா "அண்ணே, மாங்காய் வேணுமா?" என்று கேட்டதற்கு மட்டும் உடனே தலையைத் திருப்பினார்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று சீட்டைவிட அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் ஒரு நல்ல ஆட்டம் கைவிட்டுப் போனது. இஸ்பேட் ஜாக்கியையும் ஒன்பதையும், இந்த ஆட்டத்தின் பெரிய சீட்டு இரண்டையும், கையில் வைத்துக்கொண்டு தோற்பவள் நான் இல்லை.

கணக்கு பிடிபட்டுவிட்டது. பதினாலுக்கு மேல் எத்தனையோ அத்தனை விரல். பதினைந்துக்கு ஒன்று, பதினேழுக்கு மூன்று. பதினாலென்றால் முஷ்டியை மேசையில் வைக்கிறாள். 'பாஸ்' என்றால் உள்ளங்கையைக் கவிழ்க்கிறாள். ஒவ்வொரு தடவையும் இவர் கண் அங்கே போய்விட்டுத்தான் சீட்டுக்குத் திரும்புகிறது.

முதலில் கள்ளாட்டம் என்று நினைத்தேன். ஆனால் அவள் எங்களுக்கு எதிர் ஜோடி. எதிர் ஜோடிக்காரி என் ஜோடிக்கு எதற்காகச் சாடை காட்ட வேண்டும்? அதுவும் அவள் காட்டுவது வாய்விட்டு எல்லோரும் கேட்கச் சொன்ன கேள்வியைத்தான். சத்தமாகச் சொன்னதையே விரலில் திரும்பச் சொல்வானேன்? அப்படியென்றால் அந்த விரல்கள் கேள்வியைச் சொல்லவில்லை. வேறு எதையோ சொல்கின்றன. நாங்கள் பார்த்தால் கேள்விதான் என்று சொல்லித் தப்பிக்க ஏற்பாடு.

முப்பத்திரண்டு வருடம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள் நான். யார் யாருக்கு என்ன மறைக்கிறார்கள் என்பது குரலிலேயே தெரிந்துவிடும். இங்கே குரலே இல்லை.

இந்தப் பக்கத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவதாக இல்லை.

ஜூலை 16, புதன்

மணவாளக்குறிச்சி வாசகசாலையிலிருந்து கென்னடி போன் செய்தான். ஓணத்தை ஒட்டி அவர்கள் நடத்தும் இருபத்தெட்டுப் போட்டிக்கு ஒரு காலத்தில் பந்தல் போட்டு ஆட்களை உட்கார வைப்பார்கள். திருவனந்தபுரத்திலிருந்தெல்லாம் ஜோடிகள் வரும். நானும் இவரும் இரண்டு தடவை கோப்பை வாங்கியிருக்கிறோம்.

"இந்த வருசம் நாலு ஜோடிதான் பேரு குடுத்திருக்கு அக்கா. எட்டு ஜோடியாவது வேணும், இல்லன்னா போட்டியே கெடையாதுன்னு கமிட்டில சொல்லுதாங்க. பயலுவளுக்கு ரம்மிதான் தெரியும். அதையும் போன்லதான் வெளையாடுதானுவ. நீங்களும் அல்போன்ஸ் சாரும் வருவீங்கல்லா?"

வருவோம் என்றேன். இவரிடம் சொன்னதற்கு "ம்" என்றார். யாரோடு சேர்ந்து வருவதாக நினைத்துக்கொண்டு "ம்" சொன்னாரோ.

ஜூலை 18, வெள்ளி

சுகுமாரி வந்திருந்தாள். என்னோடு நிலையத்தில் வேலை பார்த்தவள். ஒரு செய்தியோடு வராத நாள் கிடையாது.

"ஒன் வீட்டுக்காரர நேத்து செட்டிகுளத்துல பாத்தேன் கேட்டியா. ஒரு பொம்பள கூட ஆட்டோல வந்து எறங்கினாரு. நல்லா செவப்பா, உயரமா. ஒன் தங்கச்சியாக்கும்னு நெனச்சேன்" என்றாள். பிறகு தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஒனக்குத் தங்கச்சி கெடையாதுல்லா?" என்றாள்.

நேற்று இவர் பேங்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். சிவப்பாக, உயரமாக இவருக்குத் தெரிந்தவள் அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள்.

சாயங்காலம் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, "பேங்க்ல கூட்டமா?" என்று கேட்டேன்.

"கூட்டா? நல்லாத்தான் இருந்துது. உப்புதான் கொஞ்சம் கூடுதல்" என்றார்.

பேச்சை மாற்றுவதில் இவ்வளவு தேர்ச்சி இருக்கும் என்று எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது.

ஜூலை 20, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. நான் பழம்பொரி போட்டு வைத்திருந்தேன். சண்டை போடுவதாக எந்த எண்ணமும் இல்லை. இரண்டாவது ஆட்டம். அல்போன்ஸ் சார் "பதினெட்டு" என்றார். மேசை விளிம்பில் நாலு விரல் நீண்டது. என் கை தானாகப் போய் அந்த விரல்களின் மேல் விழுந்து அழுத்தியது.

"இது என்ன புளோரா?"

அவள் முகம் வெளுத்துப்போனது. "ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா வாராவாரம் வெரல் ஆடுது?"

"அக்கா, கைய எடுங்க. நான் பெறவு சொல்லுதேன்."

"எனக்குத் தனியா சொல்ல வேண்டாம். இங்கேயே சொல்லு. வியாழக்கிழமை பகல்ல ஆட்டோல ரெண்டு பேருமா செட்டிகுளத்துக்குப் போனதும் ஒண்ணுமில்லியா?"

நான் சத்தம் போடவில்லை. சத்தம் போடுவது என் வழக்கமில்லை. வாயை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக, தெளிவாகப் பேசு என்றுதான் எங்களுக்குப் பயிற்சி. அந்தக் குரலில்தான் கேட்டேன்.

அல்போன்ஸ் சார் சீட்டைக் கீழே வைத்தார். மனைவியைப் பார்த்தார். "எந்த ஆட்டோ?"

புளோரா இவரைப் பார்த்தாள். இவர் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னாச்சு? யாரு கேள்வி?" என்றார்.

அந்த நடிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு குடும்பம் உடைந்துகொண்டிருக்கிறது, இந்த மனிதர் யார் கேள்வி என்று கேட்கிறார்!

அல்போன்ஸ் சார் எழுந்து குடையைக்கூட எடுக்காமல் போனார். புளோரா அழுதுகொண்டே பின்னால் போனாள். பழம்பொரி அப்படியே இருந்தது.

ஜூலை 21, திங்கள்

"அவங்கள எதுக்கு ஏசின?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் பதில் சொன்னேன். கேட்காதது போல எழுந்து போய்விட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

சீட்டு இல்லை. நாலு மணிக்கு இவர் மேசையைத் துடைத்து நாற்காலிகளைச் சரியாகப் போட்டார். ஐந்து மணிக்கு அவரே எடுத்து ஓரமாக வைத்தார்.

எனக்கும் ரோஷம் உண்டு. உலகத்தில் அவர்கள் இரண்டு பேர்தானா ஆட்டக்காரர்கள்? ஆராதனை முடிந்ததும் ஆண்கள் சங்கத்தில் விசாரித்தேன். ஒருவருக்கு 'துருப்பு' என்ற சொல் நினைவிருக்கிறது, ஆட்டம் மறந்துவிட்டது. இன்னொருவர் ஆடுவார், அவர் மனைவி விடமாட்டாள். மாடி வீட்டில் குடியிருக்கும் ஐ.டி. தம்பதியிடம் கேட்டேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "எந்த ஆப் ஆன்ட்டி? நேம் சொல்லுங்க, டவுன்லோட் பண்ணிப் பாக்குறோம்" என்றாள். ஆப் கிடையாது, நாலு பேர் உட்கார வேண்டும் என்றேன். "வாரா வாரமா?" என்று கணவனைப் பார்த்தாள்.

அல்போன்ஸ் சார் வீட்டு ஜன்னல் வழியாகப் போன் சத்தம் கேட்கிறது. ரம்மி. சீட்டு விழும்போது ஒரு மணியோசை வருகிறது. அவரோடு ஆட யாரும் தேவையில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்று இவர் லாரியில் அடிபட்டிருப்பார்.

குடிதண்ணீர் லாரி எங்கள் சந்துக்குள் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. இவர் சந்தின் நடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தார். லாரிக்காரன் ஹார்னை அழுத்திக்கொண்டே வந்தான். கிளீனர் பையன் பக்கவாட்டில் தட்டிக் கத்தினான். இவர் நிமிரவே இல்லை. நான் வாசலிலிருந்து ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் சுவரில் மோதி விழுந்தோம். என் முழங்கையில் தோல் உரிந்துவிட்டது.

லாரியை அப்போதுதான் பார்த்தார். உதடு வெள்ளையாகிவிட்டது.

"கவனிக்கல்ல" என்றார்.

கவனிக்கவில்லையாம்.

ஆகஸ்ட் 2, சனி

சோதித்துப் பார்த்தேன்.

பின்வாசல் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். "ஏங்க" என்றேன். கீரை உருவினார். "ஜெர்லின் வந்திருக்கா" என்றேன். உருவினார். "வீட்ட விக்கப் போறேன்" என்றேன். பூச்சி அரித்த இலை ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு எறிந்தார்.

பிறகு, இத்தனை நாளும் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "புளோராவ ஒங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

ஒரு கொத்தை முடித்துவிட்டு அடுத்த கொத்தை எடுத்தார்.

நான் உள்ளே வந்து அடுப்பை ஏற்றினேன். கீரைக்குத் தேங்காய் அரைத்தேன். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அடுத்த வீட்டுக்குப் போனேன். புளோரா கதவைத் திறந்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நானே போய் உட்கார்ந்தேன்.

"அவருக்குக் காது கேக்கல்ல. ஒனக்குத் தெரியும்" என்றேன்.

"அண்ணன் எங்கிட்ட சொல்லல்ல அக்கா. நானாத்தான் கண்டுபிடிச்சேன். ஈஸ்டர் சமயம் எங்க வீட்ல இவங்க பதினேழு கேட்டாங்க, அண்ணன் அதுக்கு மேல பதினஞ்சுன்னு சொன்னாரு. கவனம் எங்க இருக்குன்னு நீங்க ஏசினீங்க. எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துது. அப்பாவும் இப்படித்தான், கேட்ட மாதிரியே தலையாட்டுவாரு. அதான் வெரல் காட்ட ஆரம்பிச்சேன். அண்ணன் ஒரு வார்த்த கேக்கல்ல. பாத்துக்கிட்டாரு, அவ்வளவுதான்."

"செட்டிகுளம்?"

"காது டாக்டர். நாந்தான் வற்புறுத்திக் கூட்டிட்டுப் போனேன். அண்ணன மாதிரி மோட்டார் பட்டறையில வேல பாத்தவங்களுக்கு வாறதுதானாம். மெஷின் மாட்டிப் பாத்தாங்க. அண்ணன் கண்ணாடியில பாத்துட்டு, 'இது குணுக்கு மாதிரில்லா இருக்கு, தோத்தவன்னு ஊருக்கே தெரியும்'னு கழத்திக் குடுத்துட்டாரு."

"எங்கிட்ட எதுக்குச் சொல்லல்ல?"

"அத அண்ணன்கிட்டதான் கேக்கணும். 'லீலாவுக்குத் தெரிய வேண்டாம்'னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு." பிறகு சொன்னாள்: "ஒங்க சத்தம் அவருக்கு எட்டல்ல அக்கா. எஞ் சத்தம் எட்டும். ஒங்களுக்கும் எனக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்ததா இல்லையா என்று இன்னும் யோசிக்கிறேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அல்போன்ஸ் சார் உள்ளறையிலிருந்து வந்தார். போனை அணைக்கவில்லை, அது மணியடித்துக்கொண்டே இருந்தது. நான் எழுந்து நின்று, "தப்பா நெனச்சுட்டேன் சார்" என்றேன்.

"நீங்க அவளக் கேட்டது ஒருநாள். அதுக்குப் பெறவு தெனமும் நான் கேட்டேன்" என்றார். "எந்த ஆட்டோ, எதுக்குப் போன, எத்தன நாளா. அண்ணனுக்குக் குடுத்த சத்தியம்னு இவ வாயத் தெறக்கல்ல. நேத்துதான் சொன்னா. ஒரு தப்பும் செய்யாதவள ரெண்டு வாரம் நிக்க வச்சுக் கேள்வி கேக்க வச்சிட்டீங்க என்னய. அத என்னால மறக்க முடியல்ல. இந்த வீட்லயும் சரி, ஒங்க வீட்லயும் சரி, இனி சீட்டு எடுக்க மாட்டேன்."

புளோரா வாசல் வரை வந்தாள். அதற்கு மேல் வரவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

எனக்குத் தெரியும் என்பதை இவரிடம் சொல்லவில்லை. சத்தமாகப் பேசிப் பழகலாம் என்று பார்த்தேன். "காப்பி வேணுமா?" என்று தொண்டையைத் திறந்து கேட்டேன். திடுக்கிட்டு, "எதுக்கு இப்ப சண்ட போடுத?" என்றார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நான் சொல்வது கேட்காமல் எத்தனை நாள் போயிருக்கும்? இரண்டு வருடமா, அதற்கும் மேலா? ஜெர்லின் பிரசவத்துக்கு நான் தனியாகப் போக மாட்டேன் என்று சொன்னபோது 'செரி' என்றவர் எனக்கு மட்டும்தானே டிக்கெட் எடுத்தார், நான் சொன்னதைக் கேட்டுச் சொன்னாரா, சும்மா சொன்னாரா? அந்த 'செரி'க்காக மூன்று மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. எதையும் நம்ப முடியவில்லை, என் கோபங்களையும் சேர்த்து.

ஆகஸ்ட் 25, திங்கள்

கென்னடி போன். ஆறு ஜோடி ஆகிவிட்டதாம். எங்களையும் அல்போன்ஸ் சாரையும் சேர்த்தால் எட்டு.

சார் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன். "ஒங்க வீட்ல வேண்டாம், எங்க வீட்லயும் வேண்டாம். மணவாளக்குறிச்சில வச்சு ஆடுவோம். நீங்க வரல்லன்னா அந்த எட்டுப் பேரோட ஆட்டமும் சேந்து நின்னுபோகும் சார்."

செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். எட்டு ஜோடியை எட்டுப் பேர் என்று தவறாகச் சொன்னேன். திருத்தக்கூட இல்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

வந்திருந்தார்கள்.

வாசகசாலையில் பந்தல் இல்லை. உள்ளே நாலு மேசை. ஒரு மூலையில் பையன்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். கமிட்டித் தலைவர் பேசும்போதே அடுத்த ஓணத்துக்குக் கேரம் போட்டிதான் என்று அறிவித்துவிட்டார். கென்னடி என்னைப் பார்க்காமல் சீட்டுக்கட்டைப் பிரித்தான்.

குலுக்கிப் போட்டதில் முதல் சுற்றிலேயே எங்களுக்கு எதிர் ஜோடி அவர்கள்தான். யாராவது வேண்டுமென்றே செய்தார்களோ என்று கென்னடியைப் பார்த்தேன். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நடுவர் இளைஞன். கைச்சாடை கூடாது, கேள்வி வாயால் மட்டுமே என்று சட்டம் சொன்னான். புளோரா இரண்டு கையையும் கோத்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

அல்போன்ஸ் சார் "பதினாறு" என்றார். அடுத்து இவர் முறை. புளோராவின் கையைத் தேடினார். மேசை மேல் கை இல்லை. "பதினாலு" என்றார்.

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். நடுவர், "அண்ணாச்சி, பதினாறுக்கு மேல கேக்கணும். ஒரு எச்சரிக்கை" என்றான். இவர் அவன் வாயைப் பார்த்து ஏதோ புரிந்தது போலத் தலையாட்டினார். காதோரம் வேர்த்திருந்தது. இப்படித் தலையாட்டித்தான் என்னோடு இத்தனை நாள் குடும்பம் நடத்தியிருக்கிறார்.

நான் பேச வாயெடுத்தேன். வரவில்லை.

அல்போன்ஸ் சார் நாற்காலியை இழுத்து இவர் பக்கமாகத் திருப்பிப் போட்டார். வகுப்பில் கடைசி பெஞ்சை அதட்டுகிற குரலில், "பதினாறு!" என்றார். கேரம் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். கமிட்டித் தலைவர் எழுந்தே விட்டார்.

இவர் முகம் தெளிந்தது. "பாஸ்" என்றார். புளோரா பாட்டுக் குரலில் "பாஸ்!" என்றாள்.

என் முறை. என் கையில் கிளாவர் ஜாக்கியும் ஒன்பதும் ஆசும் இருந்தன. என் குரல் எனக்கே அந்நியமாக வந்தது.

"பதினேழு!"

கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். இவர் சீட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். நடுவர் "ஆடுங்க" என்று சொல்லும்வரை.

அதன்பிறகு நாலு பேரும் கத்திக்கொண்டுதான் ஆடினோம். மற்ற மேசைக்காரர்கள் புகார் செய்தார்கள். நடுவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, சத்தமாகக் கேள்வி சொல்லக் கூடாது என்று எங்கேயும் இல்லை என்றான். நல்ல பையன்.

கடைசி ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். இவர் டைமன் பத்தைத் தவறான நேரத்தில் இறக்கினார். அது காதால் வந்த தவறு இல்லை, அவருடைய அவசரம். அதற்கு ஏசினேன், அதுவும் கேட்டது.

கிளம்பும்போது அல்போன்ஸ் சார் இவர் தோளைத் தட்டி, "நல்லா ஆடினீங்க தாசையன்" என்றார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் அடுத்த சுற்றுக்கு இருந்தார்கள். புளோரா மட்டும் படி வரை வந்து, "பாத்துப் போங்கக்கா, மழ வருது" என்றாள். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்களா என்று கேட்காமலே படியிறங்கினேன்.

ஊர் திரும்பும் வடசேரி பஸ்ஸில் ஜன்னலோரம் இவர், பக்கத்தில் நான். பஸ் நகர்ந்ததும் கேட்டார்.

"எப்பத் தெரியும்?"

"தண்ணி லாரி வந்த அன்னைக்கு" என்றேன். கேட்கவில்லை. அவர் பக்கமாகத் திரும்பி மறுபடி சொன்னேன்.

தலையாட்டினார். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான்.

வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். "சொன்னா நீ பேசுறதையே நிப்பாட்டிருவன்னு நெனச்சேன். மத்த நாளுல நீ எங்கிட்ட பேசுறதே கொறச்சல்தான. ஞாயித்துக்கிழம மட்டும்தான் எம் மொகத்தப் பாத்து ஒரு கேள்வியாவது சொல்லுவ. அதுவும் போயிரக் கூடாதுன்னு..."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

நான் பதில் சொல்ல நினைத்தேன். சொல்ல வேண்டியது என்ன என்றும் தெரிந்திருந்தது. வாயைத் திறந்தபோது வேறொன்றுதான் வந்தது.

"நாளைக்கு நெத்திலி வாங்கணும்!"

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. கண்டக்டரும் பார்த்தார்.

"நெத்திலியா?"

"ஆமா, நெத்திலி! மாங்கா போட்டுக் கொழம்பு வைக்கப் போறேன்!"

"உப்பு கொறச்சுப் போடு" என்றார்.

அதன் பிறகு வடசேரி வரும்வரை நான் பேசிக்கொண்டேதான் வந்தேன். என்ன பேசினேன் என்பது அவருக்குத் தெரியும், அந்த பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை.